கடை மேசையில் நிற்கும் புரோஷர்: அச்சு விளம்பரக் கையேடு தனித்துத் தெரிவது எதனால்?

கோவை கொடிசியா வளாகத்திலோ திருமுருகன்பூண்டி ஐகேஎஃப் வளாகத்திலோ தொழிற்கண்காட்சி பார்த்துவிட்டு வெளியே வருபவர் கையில் ஒரு பை நிறைய அச்சிட்ட தாள்கள் இருக்கும். பம்ப்செட், கிரைண்டர், பின்னலாடை இயந்திரம், சொட்டுநீர்க் குழாய், தென்னைநார்க் கட்டி என்று பொருள்கள் வெவ்வேறாக இருந்தாலும், வீட்டுக்கு வந்து அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தால் தாள்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருப்பது தெரியும். நீலப் பின்புலம், பூமிப் பந்து, குலுக்கும் இரு கைகள், 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரி. அவற்றில் பல அன்று மாலையே பழைய பேப்பர்க் கட்டுக்குப் போய்விடுகின்றன.

இதைக் கண்ட தொழில் முனைவோர் இரு வேறு முடிவுகளுக்கு வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினால் போதும், அச்சுச் செலவே வீண் என்பது ஒன்று. இன்னும் தடித்த தாள், இன்னும் பளபளப்பான பூச்சு, தங்க நிற ஃபாயில் என்று செலவைக் கூட்டினால் தனித்துத் தெரியலாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஒரே கேள்வி விடுபட்டுப்போகிறது: அந்தத் தாள் எங்கே, யார் கையில், எந்த முடிவை எடுக்கும் நேரத்தில் திறக்கப்படும்? இதற்கு விடை கிடைத்த பிறகுதான் தாளின் கனம், நிறம், மடிப்பு, பூச்சு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

நோட்டீஸ், புரோஷர், கேட்டலாக்: மூன்றும் ஒன்றல்ல

அச்சகத்தில் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வதால் குழப்பம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

1. நோட்டீஸ் என்பது ஒற்றைத் தாள். செய்தித்தாளுக்குள் வைத்தோ பேருந்து நிலையத்தில் கையில் கொடுத்தோ பரப்பப்படுவது. அதன் ஆயுள் சில நொடிகள். ஒரே ஒரு செய்தியைத்தான் அது சுமக்க முடியும்.

2. புரோஷர் என்பது மடித்த தாள், அல்லது சில பக்கங்களைச் சென்டர் பின் அடித்துச் சேர்த்தது. நிறுவனத்தை ஏற்கெனவே ஓரளவு அறிந்தவரிடம், வாங்கலாமா என்று யோசிக்கும் நேரத்தில் போய்ச் சேர வேண்டியது.

3. கேட்டலாக் என்பது பொருள்களின் முழுப் பட்டியல். மாடல் எண், அளவு, பொருத்தம் பார்ப்பதற்காக டீலரும் கொள்முதல் அலுவலரும் வருடக்கணக்கில் வைத்துக்கொள்வது.

நம் பகுதியில் அச்சாகும் பல புரோஷர்கள் நோட்டீஸின் கூச்சலையும் கேட்டலாக்கின் நெரிசலையும் ஒரே தாளில் அடைக்க முயல்கின்றன. அவை ஒன்றுபோல் தோன்றுவதற்கு முதற்காரணம் இதுவே.

ஒரு பம்ப் கடையின் மேசை

பொள்ளாச்சிப் பக்கத்துப் பம்ப் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி மேசைக்கு அடியில் நான்கைந்து நிறுவனங்களின் தாள்கள் செருகப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் வந்து, "ஏனுங்க, 400 அடி போருக்கு எந்த மோட்டாருங்க சரியா வரும்?" என்று கேட்கிறார். கடைக்காரர் கை எந்தத் தாளுக்குப் போகிறதோ அந்தத் தாளே தனித்து நிற்கும் புரோஷர். அட்டைப் படம் அவர் நினைவில் இருக்காது. அட்டவணை இருக்கும் இடம் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 400 அடி என்பது போரின், அதாவது ஆழ்துளைக் கிணற்றின், ஆழம். மோட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஆழத்தை வைத்தன்று, மொத்த ஹெட்டை வைத்து. மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து அது போய் விழ வேண்டிய தொட்டி வரையிலான செங்குத்து உயரம், அத்துடன் குழாயில் ஏற்படும் உராய்வு இழப்பு, இரண்டும் சேர்ந்ததே மொத்த ஹெட். 400 அடிப் போரில் தண்ணீர் 250 அடியில் நின்றால் கணக்கு வேறு. வறட்சியில் 350 அடிக்கு இறங்கினால் வேறு. இதை ஒரு கோட்டுப் படத்தில், அம்புக்குறியும் அளவுமாக, தமிழில் விளக்கும் புரோஷரைக் கடைக்காரர் தூக்கி எறிவதில்லை. வாடிக்கையாளருக்கு அவர் தினமும் வாயால் சொல்லும் விளக்கத்தை அந்தத் தாள் சொல்லிக்கொடுக்கிறது.

அட்டவணையிலும் இதே கோளாறு உண்டு. பல புரோஷர்களில் ஹெட் மீட்டரில் மட்டும் இருக்கும். வாடிக்கையாளரோ அடியில் பேசுகிறார். ஒரு மீட்டர் 3.28 அடி என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கால்குலேட்டர் தட்டுவதைத் தவிர்க்க, 120 மீட்டருக்குப் பக்கத்தில் 394 அடி என்று இன்னொரு பத்தியை அச்சிட்டால் போதும். இதற்குக் கூடுதல் செலவு ஒரு பைசாகூடக் கிடையாது. ஃபாயில் அச்சுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இதை ஒதுக்கிவிடுவது வியப்பாகத்தான் இருக்கிறது.

இதே சோதனையை எந்தத் தொழிலுக்கும் வைக்கலாம். வெட்கிரைண்டர் வாங்க வருபவர் எத்தனை பேர் குடும்பத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பார். சென்னிமலைப் பெட்ஷீட் மொத்தமாக எடுப்பவர் நீள அகலத்தையும், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பதையும் கேட்பார். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரிடம் அடிக்கு என்ன விலை, கேசிங் பைப் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்பார்கள். கடையில் ஒரு வாரம் காதில் விழும் கேள்விகளை எழுதிவைத்தாலே புரோஷரின் முக்கால் பங்கு உள்ளடக்கம் கிடைத்துவிடும்.

தாள்: கனமும் மேற்பரப்பும்

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே அது. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால், 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 5 கிராம் இருக்கும். 130 ஜிஎஸ்எம் தாள் சற்றேறக்குறைய 8 கிராம். 130 ஜிஎஸ்எம் தாளில் 16 பக்க ஏ4 புரோஷர் ஒன்று 65 கிராம் எடை வரும். 500 பிரதிகள் 32 கிலோவைத் தாண்டும். ஜனவரி மாதத்தில் பிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு விமானத்தில் செல்லும் கரூர் ஏற்றுமதியாளருக்கு இது சின்னக் கணக்கன்று. அங்கே வாங்கிக்கொள்பவரும் தம் பெட்டியின் எடையைப் பார்த்துத்தான் எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்வார்.

மேற்பரப்பைப் பொறுத்துத் தாள் இரண்டு வகைப்படும். ஆர்ட் பேப்பர் என்பது களிமண், சுண்ணம் போன்ற கனிமப் பூச்சு ஏற்றப்பட்டது. மை மேலேயே நிற்பதால் படம் கூர்மையாகவும் நிறம் அழுத்தமாகவும் வரும். மேப்லித்தோ என்பது பூச்சில்லாத தாள். மையை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அச்சுப் புள்ளிகள் சற்றுப் பரவி நிறம் மங்கும்.

எல்லோரும் ஆர்ட் பேப்பருக்கே போகிறார்கள். ஆனால் கடைக்காரர் புரோஷரின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் விலையை எழுதித்தானே வாடிக்கையாளரிடம் கொடுக்கிறார்? பளபளப்பான பூச்சின் மேல் பேனா வழுக்கும், எழுதியது அழியும். விலை எழுதப்படும் தாள் வீட்டுக்குப் போகும், மனைவியிடம் காட்டப்படும், மறுநாள் திரும்பி வரும். ஆகவே அட்டையைத் தடித்த ஆர்ட் பேப்பரான ஆர்ட் கார்டிலும் உள்பக்கங்களை மேப்லித்தோவிலும் அச்சிட்டு, 'மாடல், விலை, தேதி' என்று மூன்று கோடுகளை அச்சிட்டுவிடுவது நல்ல ஏற்பாடு. பூச்சில்லாத தாளுக்கு நம் பகுதி தூரம் போக வேண்டியதும் இல்லை. கரூர் மாவட்டம் புகளூர் அருகே காகிதபுரத்தில் 1980களிலிருந்து இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும், ஈரோட்டை ஒட்டிய பள்ளிபாளையத்துச் சேஷசாயி காகித ஆலையும் கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்டு அச்சுத் தாளும் எழுது தாளும் தயாரிக்கின்றன. இயற்கை வேளாண் பொருளோ நாட்டுச் சர்க்கரையோ விற்கும் நிறுவனம் பிளாஸ்டிக் லேமினேஷன் போட்ட தாளைவிடச் சக்கைத் தாளை எடுத்துக்கொண்டால், சொல்லும் செய்தியும் கையில் படும் தாளும் ஒத்துப்போகும்.

தாளின் வெட்டு அளவும் செலவைத் தீர்மானிக்கிறது. சந்தையில் அதிகம் புழங்கும் முழுத் தாள் அளவுகளில் ஒன்று 23க்கு 36 அங்குலம். அதில் ஏ4 எட்டு வரும் என்று பலர் நினைக்கிறார்கள், வராது. இரண்டு ஏ4 உயரம் சேர்ந்தால் 594 மில்லிமீட்டர், 23 அங்குலமோ 584 மில்லிமீட்டர்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் ஆறோடு நின்றுவிடும், மீதி கழிவு. அதே தாளில் எட்டரைக்குப் பதினொன்று அங்குல அளவில் எட்டு வரும். ஏ4 தான் வேண்டும் என்றால் 25க்கு 36 தாளை எடுக்க வேண்டும். வடிவமைப்பு முடிந்த பிறகு இதைக் கேட்டால் பயனில்லை. வடிவமைப்பாளரிடம் போவதற்கு முன்பே அச்சகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது.

நிறம்: திரையில் ஒன்று, தாளில் ஒன்று

கைபேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைப் புள்ளிகளாகத் தாளில் இடுகிறது. இதுவே சிஎம்ஒய்கே முறை. திரையில் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் நீலமும் மையில் அப்படியே கிடைப்பதில்லை. 'கம்ப்யூட்டரில் பார்த்தது வேறு, அச்சில் வந்தது வேறு' என்ற புகாரில் பெரும்பகுதி இந்த இயல்பினால் வருவது. எல்லா நேரத்திலும் அச்சகத்தின் தவறென்று சொல்ல முடியாது.

ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். விரலி மஞ்சள் பொடியின் நிறத்துக்கு மஞ்சள் மை முழுதாகவும் மெஜந்தா ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் இருந்தால் நெருங்கி வரும். புகைப்படத்தில் நிழல் விழுந்த இடத்தில் சயான் சிறிது புகுந்தாலும் பொடி பச்சை கலந்து பழையதுபோல் தோன்றும். வாங்குபவர் மையைக் குறை சொல்லமாட்டார், மஞ்சளைத்தான் சந்தேகிப்பார்.

திருப்பூர், கரூர் நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. துணிக்கு நிறம் பொருத்த அவர்கள் பயன்படுத்துவது, நிறங்களுக்கு எண் கொடுக்கும் பேன்டோன் முறையின் டிசிஎக்ஸ் எண். அது பருத்தித் துணியில் சாயமேற்றிய மாதிரி. அச்சு மைக்கான பேன்டோன் எண்கள் வேறு. பூச்சுத் தாளுக்கு 'சி' என்றும் பூச்சில்லாத தாளுக்கு 'யு' என்றும் முடியும். டிசிஎக்ஸ் எண்ணை அச்சகத்தில் கொடுத்துவிட்டு அதே ஷேடை எதிர்பார்ப்பது வீண். போதாக்குறைக்கு, ஜவுளித் தொழிலில் நிறம் ஒப்பிடும் விளக்குப்பெட்டி வழக்கமாக டி65 என்ற தர ஒளியிலும், அச்சுத் தொழிலில் டி50 என்ற வேறொரு தர ஒளியிலும் அமைந்திருக்கும். ஒரே தாள் இரண்டு இடத்திலும் இரண்டு விதமாகத் தெரியும். ஆகவே புரோஷரில் ஷேடு முக்கியம் என்றால் துணித் துண்டையே வெட்டி ஒட்டுவதுதான் நேர்மையான வழி. சிறிய எண்ணிக்கையில் அச்சிடும் ஏற்றுமதி புரோஷருக்கு இது கட்டுப்படியாகும். வாங்குபவர் விரலால் தடவிப் பார்க்கும் ஒரே பக்கமும் அதுவாகத்தான் இருக்கும்.

நெருக்கமான நெசவுள்ள துணியைப் படமெடுத்து அச்சிடும்போது நெசவுக் கோடுகளும் அச்சுப் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். இதற்கு மோரே என்று பெயர். படத்தின் அளவையோ எடுக்கும் கோணத்தையோ மாற்றினால் தணியும். அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரியான புரூஃபில் இதைக் கவனிக்காமல் விட்டால் நல்ல ஜமக்காளமும் அலையடித்ததுபோல் அச்சாகிவிடும்.

படத்தின் தெளிவு

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது நடைமுறை அளவு. ஏ4 பக்கம் முழுதும் ஒரு படம் நிறைய வேண்டுமானால் 2,480க்கு 3,508 பிக்சல் தேவை. 1,200 பிக்சல் அகலமுள்ள படம் நான்கு அங்குலத்துக்குத்தான் தாங்கும். இன்றைய கைபேசிக் கேமராக்கள் இதற்குப் போதுமானவையே. கெடுவது அனுப்பும் வழியில்தான்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது.

இணையத்தில் தேடி எடுத்த படங்களைப் போடுவது பதிப்புரிமைச் சட்டத்தின்படியும் தவறு, விற்பனைக்கும் உதவாது. ஐரோப்பியத் தொழிற்சாலையின் படத்தைத் தாங்கிய கணபதி, பீளமேடு பகுதிப் பட்டறையின் புரோஷரை நம்புவதற்குக் கோவையில் ஆள் கிடைப்பது கடினம். சொந்தப் பட்டறையில், விளக்கு நன்றாக விழும் காலை நேரத்தில், லேத்தில் வேலை செய்பவர் கையையும் கடையப்படும் இம்பெல்லரையும் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) அருகிலிருந்து எடுத்த ஒரு படம் அதைவிட மேலானது.

தமிழ் எழுத்து: பெரும்பாலான புரோஷர்கள் சறுக்கும் இடம்

ஆங்கில மாதிரியில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழைக் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. அதனால் விளையும் கோளாறுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. எழுத்துக் குறியீடு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. பல அச்சகங்கள் இன்றும் ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய முறைகளில் வேலை செய்கின்றன. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தன் தரமாக அறிவித்துவிட்டாலும், அச்சக மேசை முழுவதுமாக மாறவில்லை. கைபேசியில் தட்டிய யூனிகோட் உரையை அங்கே மாற்றி ஒட்டும்போது எழுத்துகள் சிதையக்கூடும். 'கௌ' என்பதில் உள்ள குறிக்குப் பதிலாகத் தனி 'ள' வந்து உட்கார்வதும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' விழுவதும் கண்ணுக்கு உடனே தெரிவதில்லை.

2. மென்பொருள் அமைப்பு. இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 'கொ' என்பதன் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். புள்ளி எழுத்தைவிட்டு விலகும். இறுதிக் கோப்பில் எழுத்துகளையெல்லாம் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிக் கொடுத்தால் வேறு கணினியில் திறந்தாலும் சிதையாது. ஆனால் அப்படி மாற்றியபின் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே வைத்திருக்க வேண்டும்.

3. வரி இடைவெளி. தமிழில் 'கீ' போன்றவை மேலேயும் 'கூ', 'ஞ' போன்றவை கீழேயும் நீளும். ஆங்கிலத்துக்குப் போட்ட இடைவெளியில் தமிழை அடைத்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். 10 பாயின்ட் அளவு எழுத்துக்கு 15 பாயின்ட் வரி இடைவெளி என்பது படிக்க வசதியான அளவு. அதற்குக் கீழே 7, 8 பாயின்டில் போட்ட தமிழைக் கண்ணாடி போட்டவர்கள்கூட விட்டுவிடுகிறார்கள். பம்ப்செட் வாங்கும் முடிவை எடுப்பவர் பெரும்பாலும் கண்ணாடி போடும் வயதினர்.

4. இருபுறமும் சீராக்கும் வழக்கம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சீராக்கினால் ஒரு வரியில் இரண்டே சொற்கள் நின்று நடுவில் பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும்.

5. கருநிறப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து. நான்கு மைகளால் ஆன கருநீலத்தின் நடுவே சிறிய வெள்ளை எழுத்தைப் போட்டால், நான்கு அச்சும் இம்மியளவு விலகினாலும் 'ண', 'ஞ', 'ஊ' ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபடும். பெரிய தலைப்புக்கு இது பொருந்தும், உரைக்குப் பொருந்தாது. அதேபோல் உரையைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சிட வேண்டும், நான்கு மையும் கலந்த கறுப்பில் அன்று.

இவையெல்லாம் எழுத்தின் உருவம் பற்றியவை. சொல்லின் நிலை இன்னும் மோசம். 'உங்கள் தேவைகளை நாங்கள் புரிந்துகொள்கிறோம்', 'அனைத்துத் தீர்வுகளும் ஒரே கூரையின் கீழ்' போன்ற வரிகள் எந்த நிறுவனத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும். எதற்கும் பொருந்தும் வரி எதையும் சொல்வதில்லை. 'வைண்டிங் எரிந்தால் இரண்டு நாளில் சரிசெய்து தருவோம். அதுவரை மாற்று மோட்டார் தருவோம்' என்பது ஒரு செய்தி, அதைச் செய்ய முடிந்தால். போர், ஸ்டேஜ், வைண்டிங், ஃபுட்வால்வு என்று கடையில் புழங்கும் சொல்லையே அச்சிலும் போடலாம். இவற்றுக்கு அகராதித் தமிழைத் தேடிப் போட்டால் வாடிக்கையாளருக்கும் புரியாது, கடைக்காரருக்கும் புரியாது. கொங்குப் பேச்சான 'வாங்க', 'சொல்லுங்க' போன்றவற்றைத் தலைப்பில் வைப்பது உள்ளூர் உணவகத்துக்கும் நகைக்கடைக்கும் எடுபடும். மதுரை, திருச்சி டீலர்களுக்குப் போகும் இயந்திரப் புரோஷரில் அது வேடிக்கையாக நின்றுவிடும்.

மடிப்பு ஒரு கதை சொல்லும் முறை

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் ஆறு பக்கங்கள் கிடைக்கின்றன. சமமாக 99 மில்லிமீட்டராகப் பிரித்தால் உள்ளே மடங்கும் பக்கம் முட்டிக்கொண்டு உப்பும். 100, 100, 97 என்று பிரிக்க வேண்டும். திறக்கும் வரிசையும் முக்கியம். அட்டையைத் திறந்ததும் கண்ணில் படுவது, உள்ளே மடங்கியிருக்கும் அந்த 97 மில்லிமீட்டர்ப் பக்கத்தின் முதுகு. பலர் அங்கே நிறுவன வரலாற்றைப் போடுகிறார்கள். வாடிக்கையாளரின் முதல் கேள்விக்கு விடை இருக்க வேண்டிய இடம் அது. அகலமான அட்டவணை இருந்தால் விசிறிபோல் மாறி மாறி மடிக்கும் இசட் மடிப்பு ஏற்றது. முழுவதையும் ஒரே இழுப்பில் விரிக்கலாம், சுவரிலும் ஒட்டலாம்.

தாளுக்கு இழை ஓடும் திசை உண்டு. இழையின் திசையில் மடித்தால் படியும். குறுக்கே மடித்தால் மடிப்பில் மை உரிந்து வெள்ளைக் கோடு தெரியும். 200 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட தாளை மடிப்பதற்கு முன், மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிக்கும் க்ரீஸிங் போட வேண்டும். சென்டர் பின் புரோஷரில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 10 பக்கத்துக்குச் செய்தி வைத்துக்கொண்டு வந்தால் அச்சகம் 12 ஆக்கச் சொல்லும், கடைசி இரண்டில் ஏதோ ஒரு படத்தைப் போட்டு நிரப்புவார்கள். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கப் பின்புலத்தை நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டித் தருவதும், எழுத்தை ஓரத்திலிருந்து அதே அளவுக்குமேல் உள்ளே தள்ளி வைப்பதும் அடிப்படை.

பளபளப்பு பற்றிச் சுருக்கமாக

மேட் லேமினேஷன், வெல்வெட் லேமினேஷன், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மினுக்கும் ஸ்பாட் யுவி, ஃபாயில், தாளைப் புடைக்கவைக்கும் எம்பாஸிங், தனி வடிவில் வெட்டும் டை கட்டிங் என்று பலவகை உண்டு. ஒரு புரோஷருக்கு ஒன்று போதும், அதுவும் பொருளோடு தொடர்புடையதாக இருந்தால். கிரைண்டர்க் கல்லின் சொரசொரப்பை எம்பாஸிங்கில் காட்டுவதற்குக் காரணம் உண்டு. நிறுவன முத்திரைக்குத் தங்க ஃபாயில் போடுவதற்குக் கல்யாணப் பத்திரிகைப் பழக்கம் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

க்யூஆர் குறியீடு: அச்சுக்கும் கைபேசிக்கும் இடையிலான பாலம்

1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கிய க்யூஆர் குறியீடு, இன்று டீக்கடை வரை பணம் செலுத்தும் அட்டையாக வந்துவிட்டதால், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புரோஷரில் அது வேலை செய்யக் குறைந்தது 2 சென்டிமீட்டர் அளவு வேண்டும். சுற்றிலும் நான்கு கட்டங்களின் அகலத்துக்கு வெறும் இடம் விட வேண்டும். மடிப்பின் மேல் விழக்கூடாது. வெளிர் நிறத்தின் மேல் கருநிறமாக இருக்க வேண்டும். குறியீட்டின் வகையைப் பொறுத்து 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்க முடியும் என்பது உண்மைதான். அந்தச் சலுகையை நடுவில் நிறுவன முத்திரையைப் பதித்துத் தீர்த்துவிட்டால், எண்ணெய்க் கை பட்ட தாளுக்கு மிச்சமிருக்காது.

அது எங்கே கொண்டுபோகிறது என்பதே முக்கியம். முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோனால் பயன் குறைவு. மோட்டாரைப் பொருத்தும் முறையைத் தமிழில் காட்டும் காணொளிக்கோ, மாறிக்கொண்டே இருக்கும் விலைப்பட்டியலுக்கோ போனால் அச்சால் முடியாததை அது செய்கிறது. விலையைப் புரோஷரில் அச்சிடாமல் தனித் தாளிலோ க்யூஆரிலோ வைப்பதால், செம்பு விலை ஏறும்போது 2,000 புரோஷர்களைப் பழைய பேப்பரில் போட வேண்டியதில்லை.

எத்தனை பிரதி: ஆஃப்செட்டா டிஜிட்டலா?

பிளேட் செய்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் நான்கு மைக்கு நான்கு பிளேட், இயந்திரத்தைத் தயார்செய்யும் நேரம், அதில் வீணாகும் தாள் ஆகியவை நிலைச்செலவு. ஒரு பிரதி அடித்தாலும் ஓராயிரம் அடித்தாலும் அது மாறாது. பிளேட் இல்லாமல் கோப்பிலிருந்தே அச்சிடும் டிஜிட்டலில் நிலைச்செலவு ஏறக்குறைய இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் விலை கூடுதல். கணக்கு விளங்குவதற்காக எண்களை வைத்துக்கொள்வோம்: ஆஃப்செட் நிலைச்செலவு 6,000 ரூபாய், பிரதிக்கு 4 ரூபாய், டிஜிட்டல் பிரதிக்கு 16 ரூபாய். இரண்டும் சமமாகும் இடம் 500 பிரதி. அதற்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். உண்மை விலைகளைப் போட்டு இந்தக் கணக்கை எந்த அச்சகத்திலும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

5,000 அடித்தால் பிரதி விலை குறையும் என்ற ஆசையில் அடித்துவிட்டு, தொலைபேசி எண் மாறியதும் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கும் புரோஷர்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. டீலருக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று என்று 300 பிரதிகளாக இரண்டு வகை அடிப்பது, எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை ஆயிரக்கணக்கில் அடிப்பதைவிட இன்று எளிது.

அச்சிட்டது சாட்சியாகும்

புரோஷர் ஒரு விளம்பரம் என்பதால், அதில் சொன்னவை சட்டப்படி கேள்விக்குட்படும்.

1. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். 2022இல் வந்த வழிகாட்டு நெறிகள், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பர வாசகம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. பெரிய தமிழ் எழுத்தில் உத்தரவாதம், அடியில் பொடி ஆங்கிலத்தில் நிபந்தனை என்ற பழக்கம் இதற்கு எதிரானது.

2. மனை, அடுக்குமாடி விற்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பொருந்தும். பதிவு தேவைப்படும் திட்டங்களின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். புரோஷரில் காட்டிய பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டி நட்டப்பட்டவர் இழப்பீடு கோரலாம். வரைபடத்தில் பச்சையாக வரைந்த பூங்கா அவ்விடத்தில் இல்லாவிட்டால் அந்தத் தாளே அவருக்குச் சாட்சி.

3. நீர்மூழ்கிப் பம்ப்செட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 8034. உரிமம் இல்லாமல் ஐஎஸ்ஐ முத்திரையைப் போடுவது குற்றம். ஒரு மாடலுக்கு உரிமம் இருப்பதால் பட்டியலில் உள்ள எல்லா மாடலுக்கும் சேர்த்து அட்டையில் முத்திரையைப் போடுவதும் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

4. பவானி ஜமக்காளம், கோவை வெட்கிரைண்டர், ஈரோடு மஞ்சள் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயரைக் குறியீடாகப் பயன்படுத்தும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கே உண்டு. பதிவு இருந்தால் அந்த எண்ணைத் தயங்காமல் அட்டையில் போடலாம். போலியாக நெய்தவற்றுக்கு நடுவே இதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.

டம்மி, புரூஃப், கோப்பு

அச்சுக்குப் போகுமுன் உண்மையான தாளில், உண்மையான அளவில், மடித்த மாதிரி ஒன்றை, அதாவது டம்மியை, செய்யச் சொல்ல வேண்டும். சிவகாசிக்கு அனுப்பி அடிப்பவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து 'ஓகே' சொல்லிவிடுகிறார்கள். திரையில் மடிப்பு தெரியாது, எழுத்தின் அளவு தெரியாது, தலைகீழாக மடங்கும் பக்கமும் தெரியாது. கையெழுத்திட்ட அச்சுப் புரூஃப் ஒன்று இருதரப்பிலும் இருந்தால், பின்னர் நிறத்தைப் பற்றிய வாக்குவாதத்துக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்ப்பதும் க்யூஆரை இரண்டு வெவ்வேறு கைபேசிகளில் சோதிப்பதும் புரூஃபின் வேலைகளே. வேலை முடிந்ததும் திருத்தக்கூடிய மூலக் கோப்பு, பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர், முழு அளவுப் படங்கள் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வடிவமைப்பாளர் கடையை மாற்றிவிட்டால் அடுத்த பதிப்பை முதலிலிருந்து தொடங்க நேரும்.

அந்த டம்மியை உரிமையாளரின் நண்பர்களிடம் காட்டுவதைவிட, கடையில் நிற்கும் விற்பனைப் பையனிடம் கொடுத்து, "ரெண்டு இஞ்சு டெலிவரி, 300 அடி ஹெட், சிங்கிள் ஃபேஸ், எது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கலாம். அவர் எத்தனை முறை தாளைத் திருப்புகிறார் என்பதை எண்ணினால், அச்சுக்கு அனுப்பலாமா, இன்னொரு முறை அட்டவணையை இடம் மாற்ற வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.